வீட்டு வாசலில் ஃபிரேம் பூல்: பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் பிறந்ததும் பெங்களூர்த் தமிழ் வீடுகளில் ஃபிரேம் பூல், அதாவது கம்பிச் சட்டத்தில் பி.வி.சி. ஷீட் மாட்டித் தண்ணீர் நிரப்பும் குட்டி நீச்சல் குளம், பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. ராமமூர்த்தி நகரோ, பாணஸ்வாடியோ, கே.ஆர். புரமோ, எங்கிருந்து வந்தாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றைக் கீழே தொகுத்திருக்கிறோம்.

இந்த ஊரில் தண்ணீர் அருமையான பொருள். ஆகவே, ஒருமுறை நிரப்பிய தண்ணீரையே சீசன் முழுக்கக் கெடாமல் வைத்திருப்பது எப்படி என்பதுதான் பெரும்பாலான பதில்களின் நோக்கம். மருந்து அளவுகள் எல்லாம் 5,000 லிட்டருக்குக் கணக்கிட்டவை. உங்கள் பூல் பெரிதானாலும் சிறிதானாலும் அதே விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

காத்து ஊதுற வளையம் வெச்ச பூல் விலை கம்மியா இருக்கு. அதையே வாங்கலாமா, இல்ல கம்பி ஃபிரேம் போட்டதா?

ஒரு கோடைக்கு மட்டும் என்றால் வளையப் பூல் போதும். மூன்று நான்கு வருடம் வைத்துக்கொள்ள நினைத்தால் ஃபிரேம்தான் சரி. வளையத்தில் காற்று இறங்கினால் ஒரு பக்கச் சுவர் தாழ்ந்து தண்ணீர் வழிந்துவிடும். பூனை நகம் பட்டாலே போதும்.

வளையப் பூல்தான் என்று முடிவு செய்தால், காலை குளிரில் காற்றை முழுக்க ஊதாதீர்கள். மதிய வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து ஒட்டு பிரிந்துவிடும். கையால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்குகிற அளவில் நிறுத்துங்கள்.

பத்து அடி பூல்னு போட்டிருக்கான். எவ்வளவு தண்ணி பிடிக்கும்?

வட்டப் பூலுக்குக் கணக்கு இது: விட்டம் × விட்டம் × தண்ணீரின் ஆழம் × 785. எல்லாவற்றையும் மீட்டரில் போட்டால் விடை லிட்டரில் வரும். 10 அடி விட்டம், 30 அங்குலச் சுவர் உள்ள பூலில் தண்ணீர் சுமார் 62 செ.மீ. நிற்கும். அப்படியானால் 3.05 × 3.05 × 0.62 × 785, அதாவது ஏறக்குறைய 4,500 லிட்டர். 12 அடி பூல் 6,500 லிட்டரை நெருங்கும். செவ்வகம் என்றால் நீளம் × அகலம் × ஆழம் × 1,000.

இந்த எண்ணை பம்ப் அருகில் எழுதி ஒட்டிவையுங்கள். மருந்துக் கணக்கு முழுவதும் இதை நம்பித்தான் இருக்கிறது.

மொட்டை மாடி சும்மாதான் கிடக்கு. அங்க வெச்சா பக்கத்து வீட்டுக்காரங்க தொல்லையும் இல்ல. வைக்கலாமா சார்?

வேண்டாம். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 வைத்திருக்கும் கூடுதல் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. 62 செ.மீ. தண்ணீர் சதுர மீட்டருக்கு 620 கிலோ. நான்கு மடங்கு. உள்ளே குதிக்கிற குழந்தைகளின் எடையை இதில் சேர்க்கவே இல்லை.

தளம் அன்றே இடிந்து விழும் என்று சொல்லவில்லை. மெல்ல வளையும், விரிசல் விடும், அந்த விரிசலில் தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். கீழே தூங்குகிறவர்களின் உயிர் இதில் இருக்கிறது. கட்டட வரைபடத்தைப் பார்த்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுத்தில் ஒப்புதல் தராதவரை மாடியை மறந்துவிடுங்கள். வாடகை வீடென்றால் ஓனர் சரி என்று சொன்னாலும் அது போதாது.

ஆனா அதே மாடியில ஆயிரம் லிட்டர் டேங்க் வருஷக்கணக்கா நிக்குதே?

டேங்கின் எடை ஒரு டன்தான். அதையும் பெரும்பாலும் தூண் அல்லது பீமுக்கு மேலே, மேடை கட்டித்தான் வைப்பார்கள். எடை நேராகத் தூணில் இறங்கிவிடுகிறது. பூலின் எடை நாலரை டன், அதுவும் தூண்களுக்கு நடுவே இருக்கும் வெறும் ஸ்லாப் மேல் உட்காருகிறது. இரண்டும் ஒன்றல்ல.

வாசல்ல சமமான இடம்னா சம்ப் மூடி பக்கம்தான் இருக்கு. அங்க போடலாமா?

சம்ப்பின் மேல்தளமும் ஒரு ஸ்லாப்தான். மேலே சொன்ன கணக்கு அதற்கும் பொருந்தும். செப்டிக் டேங்க், மழைநீர் சேமிப்புக் குழி இவற்றின் மேலும் கூடாது. பெங்களூர் வீடுகளில் வாசலுக்கு அடியில் ஏதாவது ஒன்று இருக்கும், ஆகவே முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். காம்பவுண்ட் சுவருக்கும் பூலுக்கும் நடுவே ஒரு ஆள் சுற்றி வர வழி இருக்கட்டும். தலைக்கு மேலே மின்கம்பி போகும் இடத்தை விட்டுவிடுங்கள்.

தரையை எப்படி ரெடி பண்றது? சமமா இருக்கற மாதிரிதான் தெரியுது.

கண்ணுக்குச் சமமாகத் தெரியும் இடம் பெரும்பாலும் சமமாக இருக்காது. நடுவில் ஒரு முளை அடித்து, கயிறு கட்டி, பூலின் விட்டத்தைவிட ஒரு அடி கூடுதலாக வட்டம் போடுங்கள். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் மட்டத்தை எடுத்து வட்டத்தின் ஓரத்தில் எட்டு இடங்களில் பாருங்கள். மிக மேடான இடத்துக்கும் மிகப் பள்ளமான இடத்துக்கும் வித்தியாசம் இரண்டரை செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் தண்ணீரின் அழுத்தம் பள்ளப் பக்கச் சுவரில் கூடி, கால் சாய்ந்து, ஒருநாள் மொத்தமும் அந்தப் பக்கமாகச் சரியும். நாலரை டன் தண்ணீர் ஒரே நேரத்தில் வெளியே பாய்ந்தால் பக்கத்தில் நிற்கும் குழந்தையை அடித்துக்கொண்டு போய்விடும்.

சரிசெய்யும்போது மேட்டை வெட்டுங்கள், பள்ளத்தில் மண் கொட்டி நிரப்பாதீர்கள். நம் செம்மண் காய்ந்தால் கல் மாதிரி இருக்கும், ஆனால் கொட்டிய மண் முதல் மழையிலேயே இறங்கிவிடும். ஃபிரேமின் ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு அடிச் சதுரக் கடப்பா கல் துண்டைத் தரை மட்டத்துக்குப் புதைத்துவிட்டால் கால் இறங்காது.

கூழாங்கல், வேர், ஆணி எல்லாவற்றையும் கையால் தடவி எடுங்கள். கோரைப்புல் இருந்தால் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். அதன் முளை ஊசி போலக் கிளம்பி பி.வி.சி. ஷீட்டையே துளைத்துவிடும். அதன்பின் தார்ப்பாய் விரித்து, மேலே ஒன்றோடொன்று மாட்டும் ஃபோம் பாய்களைப் போடுங்கள். சிமெண்ட் தரையிலும் ஃபோம் கட்டாயம். ஷீட் தேய்வது அங்கேதான் அதிகம்.

மாட்டறதுக்கு எத்தனை பேர் வேணும்? எந்த வரிசையில செய்யணும்?

10 அடி பூலுக்கு இரண்டு பேர், ஒரு மணி நேரம் போதும். ஷீட்டைப் பிரித்து அரை மணி முதல் ஒரு மணி வரை வெயிலில் போட்டால் மடிப்புகள் தளரும். இழுத்துக்கொண்டு போகாமல் தூக்கிப் போடுங்கள். தண்ணீர் வெளியேறும் வால்வு செடிப் பக்கமும், பம்ப் ஹோஸ் ஓட்டைகள் பிளக் பாயிண்ட் பக்கமும் இருக்கட்டும். மேல் கம்பிகளை உறைக்குள் செருகி, மூட்டுகளை இணைத்து, கடைசியில் கால்களை மாட்டுங்கள். வால்வு மூடியிருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள்.

தண்ணீரை மூன்று செ.மீ. வரை விட்டு நிறுத்துங்கள். உள்ளே இறங்கி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி மடிப்புகளைக் காலால் தள்ளுங்கள். இந்தக் கட்டத்தில் தண்ணீர் ஒரு பக்கமாகத் தேங்கினால் தரை சாய்வு. வடித்துவிட்டு மறுபடி மட்டம் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பாதி நிறைந்ததும் கால்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு மீதியை நிரப்புங்கள்.

காவேரி தண்ணி விடலாமா? போர்? டேங்கர்?

காவிரித் தண்ணீர் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேடேற்றிக் கொண்டுவரப்படுகிறது. 2024 மார்ச் தட்டுப்பாட்டில் குடிநீர் வடிகால் வாரியம், நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடை போட்டு, மீறினால் ₹5,000 அபராதம் என்று அறிவித்தது. ஒவ்வொரு கோடையிலும் நிரப்பும் முன் அந்த ஆண்டின் உத்தரவைப் பாருங்கள். தெருவில் குடத்தோடு வரிசை நிற்கும் வாரத்தில், உத்தரவு இல்லாவிட்டாலும் நிரப்ப வேண்டாம்.

போர் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் பெரும்பாலும் ஒரே ரகம்தான்: கடினத்தன்மை 300 பி.பி.எம்.மை (லிட்டருக்கு 300 மில்லிகிராம்) தாண்டுவது சாதாரணம், சில இடங்களில் இரும்பும் இருக்கும். பூலுக்கு ஆகும், ஆனால் திருத்த வேண்டும். அது பின்னால் வருகிறது. டேங்கர் ஹோஸை நேராகப் பூலுக்குள் விடாதீர்கள். வேகத்தில் ஷீட் நகர்ந்து ஃபிரேம் கோணிவிடும். சம்ப்பில் இறக்கி, அங்கிருந்து மோட்டாரில் மெதுவாக ஏற்றுங்கள். ஹோஸ் முனையில் வேட்டித் துணியை நான்காக மடித்துக் கட்டினால் மண் நின்றுவிடும்.

மொட்டை மாடி மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. அது மென்மையான நீர் என்பதால் ஆல்கலினிட்டி, அதாவது அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மை, குறைவாக இருக்கும். 84 கிராம் சமையல் சோடா அதை 10 பி.பி.எம். ஏற்றும். சோதித்துப் பார்த்துத் தேவையான அளவு சேருங்கள்.

அபார்ட்மென்ட்ல எஸ்.டி.பி. தண்ணி ஃப்ரீயா கிடைக்குது. அதை விட்டு குளோரின் அதிகமா போட்டா?

கூடாது. அது கழிவுநீரைச் சுத்திகரித்து வருவது, செடிக்கும் டாய்லெட் ஃபிளஷுக்கும் உரிய தண்ணீர். குழந்தைகள் பூல் தண்ணீரை விழுங்குவார்கள்.

பம்ப் எவ்வளவு நேரம் ஓடணும்? குளிக்கும்போது ஓடலாமா?

பம்ப்பின் லேபிளில் மணிக்கு எத்தனை லிட்டர் என்று இருக்கும். 1,250 லிட்டர் பம்ப் 5,000 லிட்டரை ஒரு சுற்றுச் சுற்ற 4 மணி நேரம். ஃபில்டரில் அழுக்குச் சேரச் சேர வேகம் குறையும் என்பதால் 6 முதல் 8 மணி நேரம் ஓட்டுங்கள். ஃபில்டர் கார்ட்ரிஜை இரண்டு நாளுக்கு ஒருமுறை கழற்றி, மடிப்புகளுக்கு இடையே ஹோஸ் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். இரண்டு கார்ட்ரிஜ் வைத்துக்கொண்டு ஒன்று காயும்போது மற்றொன்றைப் போடுவது நல்ல வழக்கம். கழுவியும் பழுப்பாகவே இருந்தால் மாற்றுங்கள். மறுபடி ஓட்டும்போது சத்தம் மட்டும் வந்து தண்ணீர் வராவிட்டால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. மேலே உள்ள காற்றுத் திருகை, தண்ணீர் எட்டிப்பார்க்கும் வரை திறந்து மூடுங்கள்.

ஆட்கள் உள்ளே இருக்கும்போது பம்ப்பை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மின்சாரம், உறிஞ்சும் ஓட்டையில் மாட்டும் நீண்ட முடி என்று காரணம் இரண்டு. அந்த பாயிண்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் பிரேக்கர்) போட்டு எர்த் சரிபார்த்துக்கொள்ளுங்கள். புல்வெளியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து ஓட்டவே கூடாது.

கடையில குளோரின்னு கேட்டா நாலு வகை எடுத்துக் காட்டறாங்க. எது நல்லது?

திரவமாக வருவது சோடியம் ஹைப்போகுளோரைட், அதில் குளோரின் 10 முதல் 12 சதவீதம். குருணையாக வரும் கால்சியம் ஹைப்போகுளோரைட் 65 சதவீதம். டி.சி.சி.ஏ. மாத்திரை 90 சதவீதம். எஸ்.டி.ஐ.சி. குருணை 56 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 5,000 லிட்டரில் ஒரு பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், ஏற்ற 5 கிராம் குளோரின் வேண்டும். திரவத்தில் அது 50 மி.லி., கால்சியம் குருணையில் சுமார் 8 கிராம், எஸ்.டி.ஐ.சி.யில் 9 கிராம்.

போர் தண்ணீரில் ஏற்கெனவே சுண்ணாம்பு அதிகம். கால்சியம் குருணை அதை இன்னும் கூட்டி, தண்ணீரைப் பால் போல ஆக்கும், சுவரில் வெள்ளையாகப் படியும். ஆகவே நம் ஊருக்கு எங்கள் பரிந்துரை: முதல் இரண்டு வாரம் 20 கிராம் டி.சி.சி.ஏ. மாத்திரையை மிதவையில் போட்டுப் பயன்படுத்துங்கள். மாத்திரையோடு வரும் சயனூரிக் அமிலம் குளோரினை வெயிலிலிருந்து காக்கும். அது இல்லாமல் திரவக் குளோரின் மட்டும் போட்டால் ஏப்ரல் வெயில் சில மணி நேரத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஒரு மாத்திரை 5,000 லிட்டரில் சயனூரிக் அளவை 2.2 பி.பி.எம். கூட்டும். 15 மாத்திரைக்குள் 30-ஐ எட்டியதும் திரவத்துக்கு மாறிவிடுங்கள். திரவம் வெயிலிலும் வயதிலும் வீரியம் இழக்கும், ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி நிழலில் வையுங்கள்.

மாத்திரையும் கால்சியம் குருணையும் ஒரே டப்பாவில், ஒரே மிதவையில், ஒரே கரண்டியில் சேரக் கூடாது. சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். எந்தக் குளோரினும் ஆசிட்டோடு சேர்ந்தால் விஷ வாயு.

எங்க ஊர்ல கிணத்துக்கு ப்ளீச்சிங் பவுடர்தான் போடுவோம். இதுக்கும் அதையே போட்டா ஆகாதா?

அவசரத்துக்கு ஆகும். புதிய பவுடரில் 33 சதவீதம் வரை குளோரின் இருக்கும், 15 கிராம் போட்டால் ஒரு பி.பி.எம். ஏறும். பக்கெட்டில் கரைத்து, தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு. ஈரக்காற்றில் பவுடரின் வீரியம் சீக்கிரம் போய்விடுவதால் அளவு நிச்சயமில்லை. தினசரிக்கு வேண்டாம்.

தினமும் என்னதான் செய்யணும்? வேலைக்குப் போறவங்களுக்கு நேரம் இல்ல.

கால் மணி நேரம் போதும். வலையால் இலை எடுப்பது, டெஸ்ட் ஸ்ட்ரிப் நனைத்துப் பார்ப்பது, சூரியன் இறங்கியபின் குளோரின் ஊற்றிப் பம்ப் ஓட்டுவது. ஃப்ரீ குளோரின் (இன்னும் செலவாகாத குளோரின்) 2 முதல் 3 பி.பி.எம்., பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 7.2 முதல் 7.6 வரை இருக்கட்டும். கோடையில் நாளுக்கு சுமார் 2 பி.பி.எம். செலவாகும், அதாவது 100 மி.லி. திரவம். நாலைந்து பேர் குளித்த நாளில் கூடுதலாகத் தேவைப்படலாம், ஸ்ட்ரிப் சொல்லும். நேராக ஷீட் மேல் ஊற்றாமல் பம்ப் தண்ணீர் பீய்ச்சும் இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள்.

வாரம் ஒருமுறை சுவரையும் தரையையும் மென்மையான பிரஷால் தேயுங்கள். அடியில் படிந்த மண்ணை எடுக்க இந்தச் சின்ன பம்ப்புக்கு இழுவை போதாது. ஹோஸில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையைப் பூலின் அடியிலும் மறுமுனையைத் தாழ்வான செடிப்பாத்தியிலும் வைத்தால் மண் தானே இழுபட்டு வரும். ஒரு தடவைக்கு 50 லிட்டருக்கு மேல் போகாது. மரத்தடி வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். இந்த ஊரில் பூல் சீசனும் மரங்கள் பூ உதிர்க்கிற சீசனும் ஒன்றுதான், புங்கம்பூ ஒரே இரவில் ஃபில்டரை அடைத்துவிடும்.

பி.எச். குறைக்க ஆசிட் ஊத்தறேன். ரெண்டு நாள்ல திரும்ப 8.2-க்கு ஏறிடுது. என்ன தப்பு?

பி.எச். மட்டும் பார்க்கிறீர்கள், ஆல்கலினிட்டியைப் பார்க்கவில்லை. போர் தண்ணீரில் அது 300 வரை இருக்கும். கரைந்திருக்கும் கரியமிலவாயு வெளியேற வெளியேற பி.எச். ஏறிக்கொண்டே போகும். ஆல்கலினிட்டியை 100-க்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் ஏற்றம் அடங்கிவிடும்.

30 முதல் 32 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 100 மி.லி., 5,000 லிட்டரில் 10 பி.பி.எம். குறைக்கும். 300-லிருந்து 120-க்கு வர 1.8 லிட்டர் வேண்டும். ஒரே நாளில் ஊற்றாதீர்கள். ஒருநாளைக்கு 250 மி.லி., மாலையில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பம்ப் ஓடும்போது. மறுநாள் பி.எச். ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு அடுத்த 250. பி.எச். 7-க்குக் கீழே போக வேண்டாம். அதே மாலை குளோரின் போடுவதானால் ஒரு மணி நேர இடைவெளியாவது விடுங்கள். டாய்லெட் கழுவும் நிற ஆசிட்டை வாங்காதீர்கள், அதில் சோப்பு கலந்திருக்கும்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், குளோரின் கிருமியைக் கொல்லும் வடிவில் இருப்பது பி.எச். 7.5-இல் சுமார் பாதி, 8-இல் கால்பங்குதான். பி.எச். ஏறிய பூலில் ஊற்றும் குளோரினில் பெரும்பகுதி வீண்.

போர் தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு. குளோரின் போட்டதும் டீ கலர் ஆயிடுச்சே!

கரைந்திருந்த இரும்பைக் குளோரின் துருவாக்கிவிட்டது. தண்ணீரைக் கொட்ட வேண்டாம். 150 கிராம் படிகாரத்தைப் பக்கெட்டில் கரைத்து, மேலே பரவலாக ஊற்றி, பிரஷால் ஐந்து நிமிடம் கலக்கி, பம்ப்பை நிறுத்திவிடுங்கள். இரவு முழுக்க அசையாமல் இருந்தால் துரு அடியில் இறங்கும். காலையில் மேலே சொன்ன ஹோஸ் முறையில் மெதுவாக வெளியே எடுங்கள். படிகாரம் பி.எச்.சைக் கொஞ்சம் இறக்கும், சோதித்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு… இல்ல, சித்திரைக்கு ஊருக்குப் போயிட்டு வந்தோம். பூல் பச்சைப் பசேல்னு இருக்கு. தண்ணியை மாத்திடலாமா?

மாற்ற வேண்டியதில்லை. அடி தெரியாத பச்சையைக்கூட மூன்று நான்கு நாளில் தெளியவைக்கலாம். இலைகளை எடுத்து, பி.எச்.சை 7.2-க்குக் கொண்டுவந்து, சுவர் முழுக்கத் தேயுங்கள். பொழுது சாய்ந்ததும் திரவக் குளோரின் 500 மி.லி. ஊற்றுங்கள், அது 10 பி.பி.எம். பம்ப்பை இரவு பகல் ஓட்டி, கார்ட்ரிஜை ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். ஒவ்வொரு மாலையும் சோதித்து மறுபடி 10-க்கு ஏற்றுங்கள். பச்சை முதலில் சாம்பல் கலந்த வெள்ளையாகும், அது செத்த பாசி. இரவில் அளந்ததற்கும் காலையில் அளந்ததற்கும் வித்தியாசம் 1 பி.பி.எம்.முக்குள் வந்து, தண்ணீரும் தெளிந்தால் முடிந்தது. குளோரின் 3-க்கு இறங்கும் வரை யாரும் இறங்க வேண்டாம்.

மயில்துத்தம் போட்டா பாசி ஒரே நாள்ல போயிடும்னு சொல்றாங்களே?

மயில்துத்தம் செம்பு உப்பு. பாசி போகும், செம்பு போகாது. ஷீட்டில் கறை பிடிக்கும், வெளுத்த முடியில் பச்சை ஏறும், அளவு கூடினால் குடிக்கும் நாய்க்கும் பறவைக்கும் கெடுதி. தேவையே இல்லாத வேலை.

குளோரின் வாசனை மூக்கைத் துளைக்குது, கண்ணு சிவக்குது. குளோரினைக் குறைக்கணுமா?

பெரும்பாலும் கூட்ட வேண்டும். வியர்வை, சிறுநீர் இவற்றோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின்தான் அந்த வாசனை. பி.எச். பார்த்துவிட்டு, பச்சைக்குச் சொன்ன 10 பி.பி.எம். அளவை ஒரு மாலை கொடுங்கள்.

இறங்கும் முன் எல்லோரும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். தலைக்கு எண்ணெய் வைத்த குழந்தை ஒன்று இறங்கினால் போதும், ஃபில்டர் வழவழத்து அடைத்துக்கொள்ளும், சுவரில் பிசுக்குக் கோடு விழும். அந்தக் கோட்டை ஈரத் துணியில் சமையல் சோடா தொட்டுத் துடைக்கலாம். எண்ணெய்க் குளியல் நாளும் பூல் நாளும் வேறு வேறாக இருக்கட்டும்.

இப்பதான் நிறைய குளோரின் போட்டேன். டெஸ்ட் கிட்ல கலரே வரலை, ஜீரோன்னு காட்டுது!

இன்னும் ஊற்றிவிடாதீர்கள். இளஞ்சிவப்பாக மாறும் டி.பி.டி. மருந்து, குளோரின் 10-ஐத் தாண்டினால் வெளுத்துப்போய் நிறமே இல்லாமல் நிற்கும். பூல் தண்ணீர் ஒரு பங்கு, குளோரின் இல்லாத தண்ணீர் நான்கு பங்கு கலந்து சோதித்து, வரும் எண்ணை ஐந்தால் பெருக்குங்கள். மஞ்சளாக மாறும் பழைய கிட் வேறு மாதிரி ஏமாற்றும். அது குளோரமினையும் சேர்த்துக் காட்டும்.

ரெண்டு மாசமா மாத்திரைதான் போடறேன். குளோரின் 3 காட்டுது, ஆனாலும் பாசி வருது.

தினம் ஒரு மாத்திரை என்றால் 60 நாளில் சயனூரிக் 130-ஐத் தொட்டிருக்கும். வெயிலிலிருந்து காக்கும் அதே பொருள் அளவு மீறினால் குளோரினைக் கட்டிப்போட்டுவிடும். ஃப்ரீ குளோரின் சயனூரிக்கில் 7 சதவீதமாவது இருந்தால்தான் பாசி அடங்கும். 130-க்கு அது 9 பி.பி.எம்.! சயனூரிக்கை மருந்தால் குறைக்க முடியாது. தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கை மாற்ற வேண்டியிருக்கும். 30 வந்ததும் திரவத்துக்கு மாறச் சொன்னது இதற்காகத்தான்.

குழந்தை உள்ளேயே ஆய் போயிட்டான். மொத்தத் தண்ணியும் போச்சா?

கெட்டியாக இருந்தால் போகவில்லை. எல்லோரையும் வெளியே ஏற்றிவிட்டு, வலையால் எடுத்து, பி.எச். 7.5-க்குள், குளோரின் 2-க்குக் குறையாமல் அரை மணி நேரம் வைத்திருங்கள். வலையையும் அதே நீரில் ஊறவையுங்கள். வயிற்றுப்போக்காக இருந்தால் வடித்துவிடுவதே சரி. கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி சாதாரண அளவுக் குளோரினில் நாள்கணக்கில் உயிரோடிருக்கும். வயிறு சரியில்லாத குழந்தையை இறக்காதீர்கள்.

தண்ணி மட்டம் குறைஞ்சுக்கிட்டே போகுது. ஓட்டையா, வெயிலா?

கோடையில் நாளுக்கு 5 முதல் 7 மி.மீ. ஆவியாகும். ஒரு பக்கெட்டில் தண்ணீர் நிரப்பிப் பூலின் பக்கத்திலேயே ஒருநாள் வைத்து, இரண்டிலும் குறைந்ததை அளந்து பாருங்கள். பூலில் கூடுதலாகக் குறைந்தால் ஒழுக்கு. முதலில் ஹோஸ் மூட்டு, வால்வு, பிறகு தரை ஓரம் பாருங்கள். சைக்கிள் பஞ்சர் ரப்பர் பி.வி.சி.யில் நிற்காது. பி.வி.சி. துண்டை முனை இல்லாமல் வட்டமாக வெட்டி, வினைல் பசையால் ஒட்டுங்கள். தண்ணீருக்கடியிலேயே ஒட்டும் பேட்ச்களும் கிடைக்கின்றன, வடிக்க வேண்டியதில்லை.

மூணு வயசுக் குழந்தை இருக்கு. முக்கால் அடி, ஒரு அடி தண்ணி விட்டா பயமில்லையே?

பயம்தான். சிறு குழந்தை மூழ்க சில அங்குலத் தண்ணீர் போதும், சத்தமும் வராது. குழந்தை உள்ளே இருக்கும்போது பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில், கைபேசி இல்லாமல் இருக்க வேண்டும். குளித்து முடித்ததும் ஏணியை எடுத்து வீட்டுக்குள் வையுங்கள், ஏறத் தோதான நாற்காலி, பக்கெட் எதுவும் பூல் பக்கத்தில் வேண்டாம். மேல்மூடியை நம்பாதீர்கள், அதன் மேல் விழும் குழந்தை துணியோடு உள்ளே போய்விடும்.

டெங்கு நேரத்துல பூல் வெச்சிருக்கலாமா?

தினமும் பம்ப் ஓடி, குளோரின் இருக்கும் பூலில் கொசு முட்டையிடுவது அரிது. மூடியின் மேல் தேங்கும் மழைநீர்தான் ஆபத்து. ஏழு முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும், குளோரினை நம்பிப் புழுவை விட்டுவைக்கவும் முடியாது. மூடியின் நடுவே கீழிருந்து ஒரு பந்தை வைத்துக் கூம்பாக்கினால் தண்ணீர் தேங்காது. வாரக்கணக்கில் கவனிக்க முடியாது என்றால் கழற்றிவிடுங்கள்.

மழை ஆரம்பிச்சாச்சு. தண்ணியை என்ன பண்றது, பூலை எப்படி மடிச்சு வைக்கறது?

கடைசி நாட்களில் குளோரின் போடுவதை நிறுத்தி, மூடாமல் பம்ப் மட்டும் ஓட்டுங்கள். சயனூரிக் இருப்பதால் நான்கைந்து நாள் ஆகலாம். ஸ்ட்ரிப்பில் பூஜ்யம் வந்ததும் செடி, வாசல், கார், டாய்லெட் என்று ஒரு வாரத்துக்கு வரும். மழைநீர் சேமிப்புக் கிணற்றில் மட்டும் விடாதீர்கள், அது நிலத்தடி நீருக்குப் போகிற வழி.

ஷீட்டை இருபுறமும் துடைத்து, நிழலில் முழுக்கக் காயவைத்து, டால்கம் பவுடர் தூவி, தளர்வாகச் சுருட்டுங்கள். மடிப்பில் ஈரம் இருந்தால் கரும்புள்ளி பூக்கும். கம்பிகளின் உள்பக்கத் தண்ணீரையும் சாய்த்து வடியவிடுங்கள், துரு அங்கேதான் தொடங்கும். பிறகு மூடியுள்ள டிரம்மிலோ டிரங்குப் பெட்டியிலோ வையுங்கள். மாடிப்படிக்கு அடியில் சாக்கில் கட்டி வைத்தால் எலி ஒரு மழைக்காலத்துக்குள் வேலையை முடித்துவிடும்.